அஸர் நேரத்தில் நனைந்த சுவர்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். கச்சான் காற்று அடித்து, கிணறுகளில் அடி தெரியத் தொடங்குகிற மாதம். ஒரு துளி மழை இல்லை. கல்முனைக்குத் தெற்கே, கடல் இரைச்சல் வீட்டுக்குள் கேட்கும் தூரத்தில் இருக்கிற எங்கள் ஊரில், என் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த ஒரு வீட்டில் நடந்தது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் பன்னிரண்டு வருடம் பைப் வேலை செய்தவன் நான். அதில் கடைசி ஐந்து வருடமும் ஒழுக்குப் பிடிக்கிற வேலை. பெரிய கட்டடங்களில் சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ எங்கே தண்ணீர் கசிகிறது என்று உடைக்காமல் கண்டுபிடிக்க வேண்டும். ஊருக்குத் திரும்பும்போது, சுவரில் வைத்துக் காதில் மாட்டிக் கேட்கிற கருவி ஒன்றையும் கொண்டுவந்தேன். இரண்டு மூன்று வீடுகளில் சரியாகப் பிடித்துக் கொடுத்ததும் ஊரில் என்னை 'சுவர் டாக்டர்' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் பகிடிக்குச் சொன்னதை நான் பட்டமாக எடுத்துக்கொண்டேன். தலைக்கனம் என்றால் தலைக்கனம்தான், மறைக்க ஒன்றுமில்லை.

அந்த வீட்டுக்காரர் நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்தவர். நல்ல மனிதர், நாற்பது வயதைத் தாண்டியிருக்கமாட்டார். ஒருநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை. மையித்தை அடக்கிவிட்டு வந்த பின்னேரம் என்னையும் கூப்பிட்டார்கள். கணவன் மௌத்தானால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பது எங்கள் மார்க்க முறை. அந்த நாட்களில் வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். அவர் மனைவி இத்தா இருக்கப்போகிற அறைக் கதவைச் சாத்தினால் புழுக்கம் தாங்காது, திறந்து வைத்தால் ஹோலில் இருக்கிறவர்களுக்கு உள்ளே தெரியும். "உங்களிட்டத்தானே தம்பி ட்ரில் மெசின் இரிக்கி" என்று கேட்டார்கள். போய்த் திரை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். மரண வீட்டில் கதிரை தூக்குகிறவன் தூக்குகிறான், தண்ணீர் இறைக்கிறவன் இறைக்கிறான், நான் என்னால் ஆனதைச் செய்தேன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு, இத்தா இருந்த அந்தத் தங்கச்சியின் ராத்தா, அவருடைய மூத்த அக்கா, என்னைத் தேடி வந்தார். அக்கா தங்கை இரண்டு பேரின் வீடும் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரு வாசல் மட்டும். இத்தா தொடங்கிய நாளிலிருந்து ராத்தாதான் தங்கச்சிக்குச் சாப்பாடு, மருந்து, துணை எல்லாம்.

"தம்பி, சுவர் நனையுது. எங்கால தண்ணி வாறதெண்டு விளங்குதில்ல. ஒருக்கா வந்து பாருங்க."

"மழையுமில்லையே ராத்தா, எந்தச் சுவர்?"

"அவ இரிக்கிற அறைட சுவர்தான்" என்றவர், சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆள் நிக்கிற மாதிரி நனைஞ்சி இரிக்கி தம்பி. மத்தப் பொம்புளைகள்ற காதுல விழ முந்தி வாங்க."

மறுநாள் காலையில் போனேன். ஹோலுக்கும் அந்த அறைக்கும் இடையில் இருக்கிற சுவர்தான் நனைந்திருந்தது. ஹோல் பக்கத்தில் கீழே முழங்கால் உயரத்துக்கு ஒரு ஈரத் திட்டு. அறைப் பக்கம் நான் பார்க்க முடியாது. ராத்தாதான் உள்ளே போய்ப் பார்த்து, திரைக்கு வெளியே வந்து எனக்குச் சொன்னார். மேலே தலையளவு ஒடுக்கம், அதற்குக் கீழே இரண்டு பக்கமும் தோள் மாதிரி இறக்கம், பிறகு நேராகத் தரை வரைக்கும். கையால் காற்றில் வரைந்து காட்டினார். எனக்கு அது பிடிக்கவில்லை.

நான் என் வழக்கப்படி தொடங்கினேன். வீட்டில் எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு மீற்றரைப் பார்த்தேன், அசையவே இல்லை. வாசலில் வருகிற பெரிய வால்வையும் பூட்டினேன். அந்தச் சுவரை ஒட்டின குளியலறையில்தான் கசிய வேண்டும் என்று தீர்மானித்து இரண்டு டைல்ஸை உடைத்தேன். உள்ளே மணல் காய்ந்துபோய் வறுத்த அரிசிமா போல இருந்தது. கருவியை வைத்துக் கேட்டால் கடல் இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. நான் நிற்கும்போதே சுவரின் ஈரமும் மெல்ல மெல்ல வெளிறிக்கொண்டு வந்தது.

"பகல்ல காயும். அஸருக்குப் பிறகு திரும்ப நனையும்" என்றார் ராத்தா.

தண்ணீருக்குப் பின்னேரத் தொழுகை நேரம் தெரியுமா என்று நான் சிரித்தேன். ராத்தா சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் போனேன், பெரிய வால்வு அப்போதும் பூட்டித்தான் இருந்தது. வீட்டுக்குத் தேவையான தண்ணீரை ராத்தா வாளியில் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வர வழியில்லாத வீட்டில் சுவர் முன்னையை விட அதிகமாக நனைந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். பைப் தண்ணீர் என்றால் மருந்து வாசம் அடிக்கும். இது உப்புக் கரித்தது.

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் பழைய வீடு, கடல் மண் கலந்து பூசியிருப்பார்கள், அந்த உப்புத்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ராத்தா, "கண்ணீரும் உப்புத்தானே தம்பி" என்றார். பிறகு சொல்லலாமா வேண்டாமா என்று நின்றுவிட்டு, தங்கச்சி மௌத்து வீட்டிலும் அழவில்லை, இந்த நிமிடம் வரைக்கும் அழவில்லை என்றார்.

தங்கச்சியிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ராத்தாவிடம்தான் சொல்லிவிடுவேன். எந்த நேரம் நனைகிறது, சத்தம் ஏதும் கேட்கிறதா என்று கேட்டுவிடச் சொன்னேன். உள்ளே போய் வந்தவர், "ஒண்டும் கேக்கல்லயாம்" என்றார். ஆனால் அந்தப் பதிலைச் சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். உள்ளே அவ்வளவு நேரம் கதைத்த சத்தம் கேட்டது, வெளியே வந்த பதிலோ இரண்டே சொல். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் நின்று தேவையானதை நேரே கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை என்று பிறகு மௌலவி ஒருவர் எனக்குச் சொன்னார். எனக்கு அப்போது அது தெரியாது. தெரியாததை ஒருவரிடம் கேட்டுப் பார்க்கவும் தோன்றவில்லை. இத்தாவில் இருப்பவரோடு கதைக்காமல் இருப்பதுதான் மரியாதை என்று முடிவு கட்டியிருந்தேன்.

மூன்றாவது தடவை பின்னேரம் போனேன். அந்த நேரத்தையும் ஒருக்கால் பார்த்துவிடுவோம் என்று நினைத்தேன். அவசியம் என்றால் சுவரையே உடைத்துப் பார்க்கிற எண்ணத்தில் உளியும் சுத்தியலும் கொண்டுபோயிருந்தேன். சுவரை உடைப்பதென்றால் முதலில் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவது என் பழக்கம். இறக்கினேன். விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. தங்கச்சியின் சின்ன மகள் குர்ஆன் ஓதப் பள்ளிக்குப் போயிருந்தாள். வீடு அப்படியே அமைதியாகிவிட்டது.

அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். ஒரு பள்ளியில் தொடங்கி, அடுத்த பள்ளி, அதற்கடுத்த பள்ளி என்று கடற்கரை நெடுகப் போய் ஓய்ந்தது. ராத்தா எழும்பி, "நான் ஊட்ட போய்ட்டு இப்ப வாறன் தம்பி. இதிலயே இரிங்க" என்று சொல்லிவிட்டு நடு வாசலால் போனார். நான் ஹோலில் தனியாகக் குந்திக்கொண்டு கருவியைச் சுவரில் வைத்துக் காதில் மாட்டினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சுவருக்குள் ஒரு செருமல். யாரோ தொண்டையைச் சரிசெய்வது மாதிரி இரண்டு தரம். அதற்குப் பிறகு தண்ணீர் ஓடத் தொடங்கியது.

தண்ணீர் ஓடுகிற சத்தத்தை என் வாழ்க்கையில் ஆயிரம் தரம் கேட்டிருக்கிறேன். பூட்டின வீட்டுக்குள் அதைக் கேட்டது இதுதான் முதல் தரம். ஒருவேளை கருவியில்தான் பிழையோ என்று காதிலிருந்து கழற்றினேன். வெறும் காதிலேயே கேட்டது. என் கண் முன்னால் சுவரின் ஈரம் கருத்து, மெதுவாகப் பரவியது. சேற்று வாசம் வந்தது, உழுத வயலில் நிற்கிற மாதிரி.

"காக்கா."

திரைக்கு உள்ளே இருந்து, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, குரல் வந்தது. அந்தத் தங்கச்சி என்னோடு கதைத்தது அதுதான் முதல் தடவை.

"இப்ப கேக்குதா காக்கா?"

"கேக்குது" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப எனக்குப் பைத்தியமில்ல." குரலில் பயம் இல்லை. சந்தோசம்கூட இருந்தது. "வயல்ல இருந்து வந்து அவர் கால் கழுவுற நேரம் இது. பின்னால பைப்பத் திறந்தா இந்தச் சுவருக்குள்ளதான் சத்தம் கேக்கும். நான் தேத்தண்ணி ஊத்த எழும்புவன். ராத்தாட்டச் சொன்னா ஓதிப் பாக்க ஆளக் கூட்டி வாறன் எண்டுறா. அவ இரிக்கக்குள்ள இந்தச் சத்தம் வாறதுமில்ல. நான் தனிய இரிக்கக்குள்ளதான் அவர் வாற."

பயத்துக்கு ஓதுகிற ஆயத்துல் குர்ஸியை வாய்க்குள் ஓதத் தொடங்கினேன். அதற்குள் தங்கச்சி அடுத்ததைச் சொன்னார்.

"சுவருல கைய வெச்சா அவர் கைய புடிக்கிறாரு காக்கா. முதல் நாள் எறும்பு ஊருற மாதிரி விரலோட நிண்டது. மறுகா மணிக்கட்டு வரைக்கும் வந்தது. நேத்து முழங்கை வரைக்கும் வந்துட்டார்."

நான் ஓதுவதை நிறுத்திவிட்டேன். இதுவரை வந்தது ஒரு பயம், இப்போது வந்தது வேறு பயம். விறைக்கிறது, ஒவ்வொரு நாளும் ஏறுகிறது. இந்த வேலையில் இருக்கிற எவனுக்கும் அது என்ன என்று தெரியும். ஆனால் மெயின் சுவிட்சை நானே இறக்கியிருந்தேன். விசிறி நிற்பது என் கண்ணுக்குத் தெரிகிறது. கரண்டே இல்லாத வீட்டில் என்ன அது?

சட்டைப் பையிலிருந்த, கரண்ட் இருந்தால் காட்டுகிற டெஸ்டரை எடுத்து ஈரத்தில் வைத்தேன். உள்ளே இருக்கிற குட்டி பல்ப் மங்கலாகச் சிவந்தது. கொஞ்சம் மேலே வைத்தேன், இன்னும் சிவந்தது. கதவு நிலைப் பக்கமாக, மேலே மேலே வைத்துக்கொண்டு போனேன். கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு ஏறி, திரைக் கம்பியைத் தாங்குகிற ஆணித் தலையில் வைத்தபோது பல்ப் முழுசாக எரிந்தது. அந்த ஆணித் தலைக்குக் கீழே இருந்து நூல் மாதிரி ஒரு தண்ணீர்க் கோடு வெளியே வந்து திரும்பவும் சுவருக்குள் ஊறி இறங்கிக்கொண்டிருந்தது.

நான் போட்ட ஆணி. திரைத் துணி பாரமானது, தாங்க வேண்டுமே என்று பெட்டியில் கிடந்ததிலேயே நீளமானதைத் தேடி எடுத்து நான் முறுக்கி ஏற்றின ஆணி.

"தங்கச்சி, கைய வெக்காதீங்க" என்று கத்தினேன். "அது அவர் இல்ல. அது கரண்ட். என்ட ஆணியால வாற கரண்ட்."

தங்கச்சி உள்ளே இருந்து மிகவும் நிதானமாகக் கேட்டார்: "நீங்கதானே மெயின இறக்கின? கரண்ட் இல்லாத ஊட்டுக்க கரண்ட் எங்கால வாற?"

ஊருக்கெல்லாம் சுவரைப் பற்றிப் பாடம் எடுக்கிற ஆள், கதிரையில் ஏறி நின்றபடி வாயைத் திறந்துகொண்டு இருந்தேன். எங்கே போய் எதை நிறுத்தினால் இது நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் வுழு எடுத்துட்டு வந்திரிக்கன் காக்கா. இண்டைக்கு ரெண்டு கையையும் வெக்கப் போறன்."

தொழுகைக்குக் கழுவி வுழு எடுத்த கை. துடைக்காத கை. வெறுங்கால். உள்ளே தரையும் நனைந்திருக்கும். இரண்டு கையையும் அந்தச் சுவரில் வைத்தால் இழுத்து எடுக்க ஆள் இல்லை. ஓதப் போன மகள் புத்தகத்தோடு வந்து திரையை விலக்கிப் பார்க்கிற காட்சி ஒரு நொடி என் கண்ணில் வந்து போனது. கதிரையிலிருந்து குதித்துத் திரைக்கு முன்னால் வந்து நின்றேன். உள்ளே போவதா? இத்தாவில் இருக்கிற பெண்ணின் அறைக்குள்ளா? போனாலும் நான் போவதற்குள் கை சுவரில் இருக்கும். அப்போது என் வாயில் வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை.

"நீங்க கைய வெச்சா நான் திரைய விலக்கிட்டு உள்ள வருவன் தங்கச்சி. அல்லாட மேல சத்தியமா வருவன். பாவம் எனக்கு வந்தா வரட்டும்."

சுவருக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. திரை காற்றில் கொஞ்சம் உள்ளே போய், திரும்ப வெளியே வந்தது. நான் துணியின் ஓரத்தைப் பிடித்துவிட்டேன்.

"வராதீங்க காக்கா!" முதல் தடவையாக அந்தக் குரலில் பதற்றம். "நான் இத்தாவில இரிக்கன். கைய வெக்கல்ல. தள்ளி வந்துட்டன். அல்லாக்காக வராதீங்க."

"எவ்வளவு தூரம்?"

"கட்டிலுக்கு மேல ஏறிட்டன்."

அதே இடத்தில் துணியைப் பிடித்தபடி நின்றேன். கொஞ்ச நேரத்தில் சுவருக்குள் திரும்பவும் அந்தச் செருமல் கேட்டது. தண்ணீர்ச் சத்தம் ஓய்ந்து, சொட்டாகி, நின்றது. திரும்பக் கதிரையில் ஏறி டெஸ்டரை ஆணியில் வைத்துப் பார்த்தேன். பல்ப் எரியவில்லை. வந்தவர் வேலையை முடித்துக்கொண்டு போனது மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பயமாக இருந்த நேரம் அதுதான்.

நடு வாசலில் செருப்புச் சத்தம். ராத்தா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"என்ன தம்பி கத்திற சத்தம்? தொட்டி அரைவாசியும் நிறையல்ல, மோட்டர நிப்பாட்டிப் போட்டு ஓடி வாறன்."

"என்ன மோட்டர்?" என்றேன்.

"எங்கட கிணத்து மோட்டர்தான். வுழுச் செய்யத் தண்ணி வேணுமெண்டு பாங்கு கேட்டோடன போடுறது."

"கிணறு எங்க ராத்தா?"

"இந்த வளவுக்கதான். இவட குசினிக்குப் பின்னால."

அப்படியே அந்தக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு காலத்தில் அது ஒரே வீடு. வாப்பா இரண்டு மகள்மாருக்கும் சீதனமாகக் கொடுக்கும்போது நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்தார். கிணறு இளையவவின் பக்கம் விழுந்தது, தண்ணீர்த் தொட்டி மூத்தவவின் பக்கம். கிணற்றிலிருந்து தொட்டிக்குப் போகிற பைப்பும், மூத்தவவின் குசினிச் சுவிட்சிலிருந்து மோட்டருக்கு வருகிற கரண்ட் வயரும், பிரிப்பதற்கு முன்னால் போட்ட இடத்திலேயே சுவருக்குள் ஒன்றாகக் கிடந்தன. அதுவும் இளையவவின் அறை நிலைக்கு நேர் மேலே. வாப்பா மௌத்தாகிப் பத்து வருடத்துக்கு மேல். சுவரைப் பூசி வர்ணமும் அடித்தாயிற்று. உள்ளே அப்படி ஒன்று ஓடுகிறது என்ற நினைவு அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை. தங்கச்சியின் கணவர் உயிரோடு இருந்த காலத்திலும் அஸருக்குக் கேட்டது இந்தச் சத்தம்தான். அவர் பின்னால் கால் கழுவுகிற நேரமும் ராத்தா மோட்டர் போடுகிற நேரமும் ஒன்றாக இருந்ததால், அது அவருடைய சத்தமாகிவிட்டது. செருமல் என்று கேட்டது மோட்டர் தொடங்கும்போதும் நிற்கும்போதும் பைப்பில் காற்று அடிபடுவது, உப்பும் சேற்று வாசமும் அடி தெரிகிற கிணற்றினுடையவை. ராத்தா, கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற தங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச் கொஞ்ச நாளாக அடிக்கடி விழுகிறதென்று ஒரு பொடியனைக் கூப்பிட்டு அதைத் தாண்டிக் கரண்டை நேரே இணைத்தும் வைத்திருந்தார். தொட்டி நிறைய முன்னையை விட நேரம் எடுப்பதையும் அவர் மோட்டரின் வயசு என்று நினைத்திருந்தார்.

அன்றைக்கே ராத்தா வீட்டு மெயினையும் இறக்கிவிட்டு நிலைக்கு மேலே உடைத்தேன். ஆணி பைப்பைத் துளைத்துக்கொண்டு போய், பக்கத்து வயரின் தோலையும் உரித்திருந்தது. ராத்தா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "என்ட தங்கச்சிய நானே கொல்லப் பாத்திரிக்கன்" என்று அழுதார்.

நீங்கள் இல்லை, நான்தான் என்று சொன்னேன். ஒரு விசயம் அவரிடமும் சொன்னேன், இங்கேயும் சொல்லிவிட வேண்டும். மரண வீட்டன்று துளை போடும்போது வெளியே வந்த தூள் ஈரமாக இருந்தது. மோட்டர் ஓடாத நேரம், பைப்பில் தேங்கி நின்ற தண்ணீர் அது. நான் பார்த்தேன். கடற்கரை வீட்டுச் சுவர் இப்படித்தான் இருக்கும் என்று விரலால் துடைத்துவிட்டு ஆணியை ஏற்றினேன். ஆட்கள் நிறைந்த வீட்டில், வேலையைச் சுருக்கா முடித்துக்கொடுத்தேன் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது. அந்தத் தூளை இரண்டு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பிறகு மூன்று தடவை அந்த வீட்டுக்குப் போயும், ஊரிலுள்ள எல்லாப் பைப்பின் மேலும் சந்தேகப்பட்டேன், என் கையின் மேல் மட்டும் சந்தேகப்படவில்லை.

புதுப் பைப்பை வெளிப்பக்கமாக மதில் ஓரத்தால் கொண்டுபோய் விட்டேன். வயரையும் அந்த வழியிலேயே மாற்றி, ட்ரிப் சுவிட்சைத் திரும்பவும் சரியாகப் பூட்டுவித்தேன். சுவரை மூடிப் பூசுகிற வேலை அடுத்த நாள் பின்னேரம் வரைக்கும் இழுத்தது. அஸருக்குப் பாங்கு சொல்லி முடிந்தது. ராத்தா போய் மோட்டரைப் போட்டுவிட்டு வந்தார். சுவரில் ஒரு சத்தமும் இல்லை. நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். உள்ளே இருந்து முதலில் ஒரு விக்கல் மாதிரி வந்தது, பிறகு அழுகை. ஒரு மாதத்துக்கு மேல் அடக்கி வைத்த அழுகை அது. ராத்தா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். நான் சாமான்களை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்டேன்.

கதை ஊருக்குள் வேறு மாதிரிப் பரவியது. சுவரைக் கேட்டே கரண்டைக் கண்டுபிடித்தவன், ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினவன் என்று தேத்தண்ணிக் கடையில் என்னைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டார்கள். ஆணி போட்டவனும் நான்தான் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அடக்கத்துக்குச் சொல்வதாக நினைத்து இன்னும் புகழ்ந்தார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கடைக்குப் போவதையே விட்டேன்.

இத்தா முடிந்து சில வாரத்துக்குப் பிறகு, அந்தத் தங்கச்சி தன் மகளை ஓதக் கூட்டிப்போகும்போது தெருவில் கண்டேன். நான் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினேன். அவர்தான் நின்றார். மகளை இரண்டு அடி முன்னால் நடக்கவிட்டுவிட்டுச் சொன்னார்:

"ஆணிய மன்னிச்சிட்டன் காக்கா. தெரியாமச் செஞ்சது. அது அவர் இல்லெண்டு சொன்னீங்களே, அத மட்டும் இன்னும் மன்னிக்க ஏலாம இரிக்கி. ஏலக்குள்ள சொல்லி அனுப்புறன்."

ஓம் என்று தலையை ஆட்டினேன். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓதப் பள்ளிப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

இப்போது யார் வீட்டுச் சுவரில் துளை போடப் போனாலும், அந்த வீட்டில் அதிகநேரம் இருக்கிறவர் யாரோ அவரைக் கூப்பிட்டு, வேண்டுமென்றால் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, என்ன கேட்கிறது, என்ன படுகிறது என்று முதலில் விசாரிக்கிறேன். எவ்வளவு சொன்னாலும் பொறுமையாகக் கேட்கிறேன். அந்தத் தங்கச்சியிடமிருந்து இன்னும் ஒரு சொல்லும் வரவில்லை. வராமலே போனாலும் போகட்டும், உயிரோடு இருந்து என்மேல் கோபமாக இருக்கிறார் என்பதே எனக்குப் போதும்.